ஒரு மசோதாவும் நந்தி கல்யாணமும்

எனக்குச் சக்களத்தி வரப்போகிறாள் என்ற சேதியும், அப்படி ஒருத்தி வரக்கூடாது என்று மெட்ராஸில் சட்டம் போடப் பேசுகிறார்கள் என்ற சேதியும் ஒரே ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முதல் சேதியைச் சொன்னது என் மாமியார். இரண்டாவதைச் சொன்னது நான். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

நான் பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம், சோளமும் பருத்தியும் விளைகிற காட்டுப் பூமி. கட்டிக்கொடுத்தது கீழப்பழுவூருக்கு, ஏரிப் பாசனமுள்ள வீட்டுக்கு. நடுவில் அரியலூரில் சித்தி வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அந்தப் படிப்பு எனக்கு எதற்கு உதவியது என்றால், மாமனாருக்குப் பேப்பர் படித்துக் காட்ட உதவியது. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எழுத்து தெரியாமல் போயிருந்தது. திருச்சியிலிருந்து வரும் பஸ்ஸில் மத்தியானம் பேப்பர் வரும். அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். நான் கதவோரம் நின்றுகொண்டு படிப்பேன். மருமகள் உட்கார்ந்து படிப்பது மரியாதை இல்லை. முதலில் நெல் விலை, அப்புறம் மழை, அப்புறம் கோர்ட்டுச் செய்தி. சட்டசபைச் சமாச்சாரம் கடைசி. பாதி நாள் அதற்குள் அவர் தூங்கிப்போவார், நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவேன்.

மாமியார் என்னிடம் பேச்சை எடுத்தது கொல்லையில் கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது.

"இந்தா புள்ள, நான் சொல்றேன்னு மனசுல வெச்சுக்காத. ஏழெட்டு வருசம் பாத்தாச்சு. சுத்தாத கோயில் இல்ல. வெளியிலேருந்து ஒருத்திய கொண்டாந்தா ஒன்னய மூலையில தள்ளிடுவா. ஒன் தங்கச்சின்னா அப்படி இல்ல. அவ பெத்தா ஒனக்கும் அது புள்ளதான்."

நான் கடலையை உடைத்துக்கொண்டே இருந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவள் கெட்டவள் இல்லை. ஒரே பிள்ளை. அவனுக்கு வாரிசு இல்லையென்றால் ஏரிக்கரை நிலம் முழுவதும் பங்காளிகளுக்குப் போகும். பங்காளி வீட்டுப் பெண்கள் இப்போதே எங்கள் வரப்பில் நின்று பேசிச் சிரிக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். அது உண்மையும்கூட.

"சரிங்கத்தை" என்றேன். வேறு என்ன சொல்வது? மாட்டேன் என்றால் என்னைப் பெரம்பலூருக்கு வண்டி ஏற்றிவிட்டு வேறு ஒருத்தியைக் கொண்டுவருவார்கள். ஊர் அதை நியாயம் என்றுதான் சொல்லும். அன்றைக்கு நியாயம் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரமே ஒருநாள் மாமனார் தூங்காமல் இருந்தார். சட்டசபைச் செய்தியைப் படிக்கச் சொன்னார். இந்துக்களில் ஒருவன் மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று ஒரு மசோதா வந்திருப்பதாக இருந்தது. பாதியில் என் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன். என் தலையெழுத்தை நானே எழுத்துக்கூட்டிப் படிப்பது போலிருந்தது. உள்ளேயிருந்து மாமியார் வந்து நின்றாள். அவளுடைய தம்பியும் அன்று அங்கே இருந்தார். அவருக்கு அரியலூர் கோர்ட்டில் எப்போதும் ஏதாவது ஒரு வழக்கு ஓடும். தனக்கு வழக்கு இல்லாத நாளில் அடுத்தவன் வழக்குக்குத் துணை போவார். வக்கீல் குமாஸ்தாக்களோடு டீ குடித்தே சட்டம் படித்தவர்.

"இதுக்குப் போயி பயப்படுவாங்களா?" என்று அவர் சிரித்தார். "மசோதா வேறக்கா, சட்டம் வேற. மசோதாங்கறது ஜாதகம் வாங்கிட்டு வர்ற மாதிரி. அப்பறம் சபையில பேசணும், அது பொருத்தம் பாக்கறது. செலக்ட் கமிட்டின்னு நாலு பேருகிட்ட வுடுவாங்க, அது வூடு பாக்கப் போறது. ஓட்டு எடுத்தா பரிசம் போட்ட மாதிரி. அப்பறம் மேல்சபை இருக்கு. அதுக்கப்பறம் டில்லியில கையெழுத்து, அதான் தாலி. எத்தன கல்யாணம் பரிசத்தோட நின்னுருக்கு! சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க வேணாமா? ரெண்டு மூணு வருசமாவும்."

அவர் சொன்ன விஷயம் முழுவதும் சரி. கடைசியில் சொன்ன கணக்குத்தான் தவறு. ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்டதும் வீட்டில் எல்லாருக்கும் தெம்பு வந்துவிட்டது. எனக்கும் ஒன்று புரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் கிளம்பியிருக்கிறது. மெட்ராஸில் அதைத் தடுக்க இன்னொன்று கிளம்பியிருக்கிறது. எது முதலில் போய்ச் சேருகிறதோ அதுதான் என் வாழ்க்கை.

அன்று சாயங்காலம் அவர் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர். ஒருநாள் கை நீட்டியதில்லை, ஒரு சொல் கூட்டிப் பேசியதில்லை. குறைத்துத்தான் பேசுவார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா சொல்றாங்க."

"அம்மா சொல்றது எனக்குக் காது கேட்டுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்த சொல்றது" என்றார். மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் மாடாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால் நான் போய் அப்பாவிடம் சொல்லவேண்டும் என்றார்கள். அம்மா இல்லாத வீடு. தங்கச்சிக்கு அப்போது பதினேழு வயதிருக்கும். நான் போனபோது சோளக்கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சேதி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

"அப்பா கட்டிக்கன்னா கட்டிக்குவேன்க்கா. ஆனா தெனமும் ஒன் மூஞ்சிய பாத்துக்கிட்டு நான் எப்படிக்கா அந்த வூட்டுல சோறு திங்கறது?"

அவளைக் கட்டிக்கொண்டு அந்தக் கொல்லையிலேயே அழுதேன். அதுவரை எனக்காக மட்டும்தான் அழுதிருந்தேன். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். மறுக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. தள்ளிப்போடத்தான் முடியும். தள்ளிப்போடவும் அவர்கள் நம்புகிற ஒரு காரணம் வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் இருக்கும்போது இரண்டாவது கட்டினால், தட்டில் இருக்கும் தாலியை மூத்தவளே எடுத்துப் புருஷன் கையில் கொடுக்கவேண்டும். அவள் கொடுத்தால்தான் சபை தலையாட்டும். அதனால் நாள் குறிக்க உட்கார்ந்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். மாமனார், மாமியார், அவளுடைய தம்பி, என் அப்பா எல்லாரும் இருந்தார்கள்.

"நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. அவ நந்தி கல்யாணம் பாத்துட்டு வரட்டும்."

திருமழபாடிக் கோயிலில் பங்குனி மாதம் நந்திதேவருக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். 'நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்' என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். கல்யாணமாகாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்தால் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் ஆகும் என்பது நம்பிக்கை. என் மாமியார் அந்த நம்பிக்கைக்கு ஒரு வாலும் ஒட்டிவைத்திருந்தாள். பார்க்காமல் கட்டினால் வயிறு திறக்காது என்பாள். காட்டுப் பக்கத்துப் பெண்ணான நான் அதைப் பார்க்காமல் கழுத்தை நீட்டியவள். வருஷக்கணக்காக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டேயிருந்தாள்.

"நீங்கதானே சொல்வீங்க, நான் பாக்காம கழுத்த நீட்டுனதாலதான் இப்படின்னு. அவளும் அப்படியே வந்து, அவளுக்கும் இல்லேன்னு ஆச்சுன்னா?"

அது சூது என்றால் சூதுதான். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை. மாமியாரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் எடுத்த கல் அவள் காலிலேயே விழுந்தது. தம்பியைப் பார்த்தாள்.

"பங்குனிக்கு ஏழெட்டு மாசந்தானே? சட்டம் அதுக்குள்ளயா வந்துடும்? தாராளமா பாத்துட்டு வரட்டும்" என்றார் அவர்.

பங்குனியில் நந்தி கல்யாணம் பார்த்துவிட்டு, அடுத்து வருகிற முகூர்த்தத்தில் தாலி என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் பேப்பரைப் படித்த விதமே வேறு. நெல் விலையைப் படிக்கும்போதே கண் கீழே ஓடிவிடும். பல நாள் அந்த மசோதாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. செத்துவிட்டதோ என்று பயம் வரும். பிறகு திடீரென்று ஒருநாள் வரும். இது நம் தர்மத்துக்கு விரோதம் என்று ஒரு மெம்பர் பேசியிருப்பார். பிள்ளை இல்லாதவன் என்ன செய்வான், பிண்டம் போட ஆள் வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டிருப்பார். அதைப் படிக்கும்போது மாமியார் உள்ளிருந்தே "கேளு, நல்லாக் கேளு" என்பாள். பெண்கள் படும் பாட்டை எடுத்துச் சொல்லி யாராவது பேசியிருந்தால் அதையும் நான் அதே குரலில்தான் படிப்பேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஒருமுறை கூட்டிப் படித்தால் அப்புறம் என் வாயை நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகை மாதம் முழுவதும் சாயங்காலம் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். ஊரில் எல்லாரும், பாவம், பிள்ளை வரம் கேட்கிறாள் என்றார்கள். நான் செலக்ட் கமிட்டிக்காக விளக்குப் போட்டேன். சாமிக்கு அது என்னவென்று தெரியுமோ தெரியாதோ, நான் விளக்கமாகத்தான் சொன்னேன். கமிட்டியில் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது, தாயே, அதை வெளியே அனுப்பு என்றேன்.

அனுப்பினாள். பனி கொட்டுகிற காலத்தில் ஒரு மத்தியானம், சட்டசபையில் மசோதா நிறைவேறியது என்று படித்தேன். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே தம்பிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து இன்னும் மேல்சபை இருக்கிறது, டில்லி இருக்கிறது என்று சமாதானம் சொன்னார். ஆனால் முன்னைப்போலச் சிரிக்கவில்லை. "மிச்சத்தையும் படிம்மா" என்றார்.

மிச்சத்தை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. அதே மசோதாவில், சில காரணங்கள் இருந்தால் கோர்ட்டுக்குப் போய்க் கல்யாணத்தையே முறித்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. படித்து முடித்துப் பேப்பரை மடித்தேன்.

தம்பி மெதுவாகச் சொன்னார். "ஒண்ணுதான் வெச்சுக்கணும்னு சட்டம் வந்தா வரட்டும். எந்த ஒண்ணுன்னு அது சொல்லலையே."

நான் விளக்குப் போட்டு வளர்த்த மசோதா என் கழுத்துக்கே வருகிறதே என்று அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். உள்ளே வந்து, அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மாமனாரும் தம்பியும் அரியலூருக்குப் போய் வக்கீலைப் பார்த்தார்கள். சாயங்கால பஸ்ஸில் அவர்கள் இறங்கும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மாமனார் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் என்மேல் கொஞ்சம் இரக்கம் உள்ளவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"புள்ள இல்லேங்கறது காரணமாவாதாம். வக்கீலு திருப்பித் திருப்பிச் சொல்லிட்டாரு. அந்தப் பேச்ச வுட்டுடுங்க" என்றார்.

அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

தை பிறந்ததும் மாமியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையிலேயே முடித்துவிடலாம், நந்தியாவது கிந்தியாவது என்று அவள் தம்பி சொன்னார். மாமியார் நாளும் பார்த்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் சந்தேகம் வரும். "ஒங்க இஷ்டங்கத்தை. பொறவு என்னயச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோயிலில் குறி கேட்டாள், பூப்போட்டுப் பார்த்தாள். சட்டம் எங்கேயோ மெட்ராஸில் இருந்தது. வயிறு திறக்காத மருமகள் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் சட்டத்தைவிட இன்னொரு வெறும் வயிற்றுக்குத்தான் அதிகம் பயந்தாள். பங்குனியே இருக்கட்டும் என்றாள்.

மாசியில் மேல்சபையும் முடிந்தது. "இனி டில்லிதான். டில்லியில காயிதம் போயிப் படுத்தா எழுந்திரிக்காது" என்றார் தம்பி. ஆசாரி வந்து தாலிக்குப் பொன் உருக்கிவிட்டுப் போனார். வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டை நான்தான் நீட்டினேன்.

நந்தி கல்யாணத்துக்கு இரண்டு வண்டி கட்டிப் போனோம். கண் தெரியாத மாமனார் மட்டும் வரவில்லை. அப்பா தங்கச்சியை முதல் நாளே கொண்டுவந்து விட்டிருந்தார். கொள்ளிடத்து மணல் சுட்டது. திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆற்றைக் கடந்து பல்லக்கோடும் மேளத்தோடும் வந்தார்கள். எங்கே பார்த்தாலும் கல்யாணமாகாத பெண்களும், அவர்களை முன்னால் தள்ளுகிற தாய்மார்களும். மாமியார் தங்கச்சியின் தோளைப் பிடித்துக் கூட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு போனாள். "நல்லாப் பாத்துக்க, கண்ண மூடாத" என்று சொல்லிக்கொண்டே போனாள். தாலி கட்டும் நேரத்தில் தங்கச்சி நந்தியைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் தேடினாள்.

நான் அவரைத் தேடினேன். மண்டபத்துத் தூண் ஓரமாக நின்றிருந்தார். முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய குழந்தைக்குக் கல்யாணம் தெரியவில்லை என்று அதைத் தன் தோளில் தூக்கி வைத்திருந்தார். அது அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்த மனிதனிடமிருந்து எதைப் பறிக்கப் பார்க்கிறேன் என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது. சட்டம் வரட்டும் என்று இத்தனை மாதமாகக் கும்பிட்டவள், அங்கே நின்று யாருக்காகக் கும்பிடுவது என்று தெரியாமல் கையை மட்டும் கூப்பினேன்.

மறுநாள் ஊர் திரும்பினோம். முகூர்த்தத்துக்கு அந்த வாரத்திலேயே நாள் வைத்திருந்தார்கள். வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. மாமனார் நாற்காலியில் இருந்தார். முதல்நாள் பேப்பரும் அன்றைய பேப்பரும் மடிப்புக் கலையாமல் மடியில் கிடந்தன. கால் கழுவிவிட்டு வந்து கதவோரம் நின்று பிரித்தேன்.

நெல் விலை படித்தேன். மழை இல்லை என்று படித்தேன். அப்புறம் அது இருந்தது. பெரிய எழுத்தில்கூட இல்லை. டில்லியில் சம்மதம் கிடைத்துவிட்டது, சட்டம் அமலுக்கு வந்துவிட்டது, இனி மனைவி இருக்க மறுமணம் செய்தால் அது செல்லாது என்று நாலைந்து வரி.

அதையும் அதே குரலில்தான் படித்தேன்.

"என்ன படிச்ச?" என்றார் மாமனார். திருப்பிப் படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன். எட்டு மாதமாக எனக்கு ஆகாததையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டியவள் நான். அன்றைக்கு மட்டும் அவர் நம்பவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூட்டிவரச் சொன்னார். வாத்தியார் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் படித்ததையே படித்தார்.

மாமியார் விடவில்லை. "யாருக்குத் தெரியப்போவுது? பந்தல் வேணாம், மேளம் வேணாம். கோயில்ல வெச்சு ஒரு தாலி. மெட்ராஸ்காரன் வந்து எட்டியா பாக்கப்போறான்?"

"பங்காளி எட்டிப் பாப்பான்" என்றார் மாமனார். "செல்லாத கல்யாணத்துல பொறக்கற புள்ளைக்கு நெலம் செல்லுமா? நாளைக்கே கேசு போட்டு அந்தப் புள்ளய நடுத்தெருவுல நிறுத்துவான். நாம எதுக்கு இதெல்லாம் பண்ணுனோம்? அந்தப் பந்தக்கால பிடுங்கச் சொல்லு."

அவள் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமியார் கூடத்துத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே, தையிலேயே முடிச்சிருக்கலாமே, என் நாக்கே எனக்கு எமனாச்சே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் ஜெயித்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் அழுகையைக் கேட்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். தள்ளவில்லை. தங்கச்சி அடுப்படியில் நின்று முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று போய்ப் பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நந்தி பொய்க்கவில்லை. தா.பழூரிலிருந்து ஒரு குடும்பம் அன்று திருமழபாடியில் தங்கச்சியைப் பார்த்திருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டு பெரம்பலூர்ப் பக்கம் போய் அப்பாவிடம் பெண் கேட்டார்கள். வைகாசியில் கல்யாணம். உருக்கி வைத்த தாலியை மாமியாரே எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். "அவளுக்குன்னு உருக்குனது. அவ கழுத்துக்கே போவட்டும்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளை நான் ஒரு சொல்லும் எதிர்த்துச் சொன்னதில்லை.

கல்யாணத்தில் தாலித் தட்டைச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோனது நான். வரிசையாக எல்லாரும் தொட்டார்கள். மாமனார் தடவிப் பார்த்துத் தொட்டார். என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன். அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமனாரும் மாமியாரும் பஸ்ஸில் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் மாட்டு வண்டியில் திரும்பினோம். வெயில் தணிந்திருந்தது. இருபுறமும் அறுத்துக் கிடந்த வயல். அவர் மாட்டை விரட்டவில்லை, அதன் போக்கில் விட்டிருந்தார். ஆடி மாதம் மாட்டுக் கொட்டகையில் கேட்ட கேள்வி எனக்குள் அப்படியே இருந்தது. இனி கேட்டு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. ஆனாலும் கேட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க. சட்டம் வரலேன்னா அவளக் கட்டியிருப்பீங்களா?"

அவர் கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"கட்டியிருப்பேன்" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டியில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், நம்பத்தான் தயாராக இருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் வண்டியிலிருந்து குதித்துவிடலாம் என்று இருந்தது. மெட்ராஸில் என் பெயர்கூடத் தெரியாத ஆட்கள் எனக்காகக் கையைத் தூக்கினார்கள். என்னோடு ஒரே பாயில் படுத்த மனிதர் தூக்கவில்லை. அதை நினைத்து அழுதுகொண்டே வந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்து என் பக்கம் வைத்தார். ரொம்ப தூரம் அது அப்படியே கிடந்தது. கீழப்பழுவூர் கோபுரம் தெரிந்த பிறகுதான் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிள்ளை இல்லாமலே அவரோடு நாற்பது வருஷம் இருந்தேன். அந்த வார்த்தையை அவர் திருப்பி எடுத்துக்கொண்டதும் இல்லை, நான் மறந்ததும் இல்லை.

தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் பேப்பர் வந்தது. மாமனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நெல்லு வெல என்னா?" என்றார். "அது இருக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு, நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சட்டசபைச் செய்தியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.